ஏழு கேட்டாங்க, அஞ்சுக்கு முடித்தேன்

அந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளுங்க சார், நான் இப்படி உட்கார்ந்துகொள்கிறேன். பஸ்ஸில் பின்னால் சீட்டு காலியாகத்தான் இருக்கிறது, பார்த்தேன். ஆனால் நீங்க போனில் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை, விழுந்தது. "பத்தாவது கணக்குப் பேப்பர், நாளைக்குக் கேம்ப் ஆரம்பம், ஸ்டெப்புக்கு ஸ்டெப் பாத்து மார்க் போட்டுக் கண்ணு போயிரும்" என்றீங்க. அப்போ நீங்க கணக்கு வாத்தியார். பேப்பர் திருத்தப் போறீங்க. சரிதானுங்களே?

உங்களிடம் எனக்கு ஒரு காரியமும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரியம் இருந்தால் நேரடியாகச் சொல்கிற ஆள் நான். பேர் ராக்கியப்பன். மாட்டுத் தரகு. வியாழக்கிழமைச் சந்தையில் வந்து ராக்கியப்பன் என்று கேட்டால் மாடே தலையைத் திருப்பும். படிப்பு ஆறாவதோடு சரி. அந்த வகுப்பு வாத்தியார் என்னை அடித்தார், நான் ஸ்லேட்டை எறிந்தேன், அவர் ஒரு பக்கம் போனார், நான் ஒரு பக்கம் வந்துவிட்டேன். கோபக்காரன் என்று நினைத்துவிடாதீங்க. எனக்குக் கோபமே வராது. குரல்தான் அப்படி.

என் மகள் இந்த வருஷம் பத்தாவது எழுதியிருக்கிறாள். மௌனிகா. பேருக்குத் தகுந்த பிள்ளை, வாயைத் திறக்க மாட்டாள். திறந்தால் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு. அது அவள் அம்மா வழி. அவள் பேப்பரும் எங்கேயோ ஒரு கட்டுக்குள் நூல் சுற்றிக் கிடக்கும் இப்போ. கோபியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினொண்ணாவது கணக்கு குரூப்பு கேட்டிருக்கிறாள். அங்கே விசாரித்தேன். கணக்கில் தொண்ணூறு இருந்தால் வாங்க, ஒண்ணு குறைந்தாலும் வராதீங்க என்றான் ஆபீசில் இருந்த ஆள். எண்பத்தெட்டுக்கு முடியுமா என்று கேட்டேன். ஒரு மாதிரி பார்த்தான். கேட்பதில் என்னங்க தப்பு? கேட்டால்தானே தெரியும்.

ஆமாங்க, தொண்ணூறு வருமா வராதா என்பதுதான் விஷயம். பொறுங்க. எடுத்த எடுப்பில் அங்கே போனால் உங்களுக்குப் புரியாது. ஆரம்பத்தில் இருந்து வருகிறேன்.

அரையாண்டுப் பரீட்சையில் இவள் கணக்கில் நாற்பத்தொண்ணு வாங்கினாள். கையெழுத்துப் போடுங்கப்பா என்று தாளை நீட்டினாள். நான் பார்த்தேன். விடையெல்லாம் என் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பாடமெல்லாம் எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் ஒரு காலேஜ் பையன் இருக்கிறான், அவனை உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொண்ணாகப் பார்த்துவிட்டு, "எல்லா விடையும் ரைட்டுங்க மாமா" என்கிறான். எல்லா விடையும் சரி, மார்க்கு நாற்பத்தொண்ணு. எப்படி இருக்கும் எனக்கு? சட்டையைக் கூட மாற்றவில்லை. சாணி ஒட்டின வேட்டியோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

கணக்கு டீச்சர் எஸ்தர் என்று ஒரு அம்மா. தூத்துக்குடிப் பக்கம். குள்ளமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. எடுத்தவுடனே என்னை அண்ணாச்சி என்றாங்க. எங்கள் ஊரில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். நான் என்ன பருப்பா விற்கிறேன்? சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். கோபக்காரனாக இருந்தால் அங்கேயே ஆரம்பித்திருப்பேன்.

"விடை சரிங்களா, தப்புங்களா டீச்சர்?"

"சரிதான் அண்ணாச்சி."

"எல்லாமே?"

"எல்லாமேதான்."

"அப்புறம் எதுக்கு நாப்பத்தொண்ணு?"

"விடை வந்த வழி இல்லையே."

"வழி எதுக்குங்க? ஆளு ஊரு வந்து சேந்தாச்சு. எறங்குனவனைப் புடிச்சு எந்த ரோட்டுல வந்தீன்னு யாராச்சும் கேப்பாங்களா?"

"டிக்கெட் செக்கர் கேப்பாரு அண்ணாச்சி. எங்க ஏறின, டிக்கெட் எங்கன்னு."

அப்போதுதான் நான் கையை மேசைமேல் வைத்தேன். வைத்தேன், அவ்வளவுதான். அந்த மேசை ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. மேலே இருந்த உலக உருண்டை விழுந்து, ஆப்பிரிக்கா பக்கம் கொஞ்சம் நசுங்கிவிட்டது. தலைமை ஆசிரியர் அவர் ரூமில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பவும் உள்ளே போய்விட்டார். நல்ல மனுஷன். டீச்சரம்மா உருண்டையை எடுத்துத் துடைத்து, நசுங்கின பக்கத்தைச் சுவரைப் பார்த்து வைத்தாங்க. பிறகு மகள் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாங்க.

"இங்க பாருங்க அண்ணாச்சி."

பார்த்தேன். தாள் அங்கங்கே தேய்ந்து, வெங்காயச் சருகு மாதிரி இருக்கிறது. அந்தப் பக்கத்து வேப்பமரமே தெரிகிறது.

"உங்க மக ஸ்டெப் போடாம இல்ல. பென்சில்ல எல்லா ஸ்டெப்பும் போடுதா. போட்டுட்டு, ரப்பர் வச்சு அழிச்சிட்டு, விடைய மட்டும் பேனாவுல எழுதித் தாரா. எழுதும்போதும் கையை வச்சு மறைச்சுக்கிடுதா. ஏம்மா அழிக்கேன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. நான் இருவது வருசமா பாடம் எடுக்கேன். விடைய அழிச்ச புள்ளையப் பாத்திருக்கேன். வழிய அழிச்ச புள்ளைய இப்பதான் பாக்கேன்."

அதைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்தது தெரியுங்களா சார்? நெஞ்சு நிறைந்துவிட்டது.

உங்களுக்குப் புரியாது. நீங்க சந்தைப் பக்கம் வந்ததில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எங்கள் தொழிலில் விலையை வாயால் பேச மாட்டோம். நானும் மாட்டுக்காரரும் கையைப் பிடித்துக்கொள்வோம், மேலே துண்டைப் போட்டுக்கொள்வோம். உள்ளே விரல்தான் பேசும். இந்த விரலைப் பிடித்தால் இவ்வளவு, இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தால் அவ்வளவு. பிறகு வாங்குகிறவர் கையைப் பிடித்து இன்னொரு துண்டு. அவர் என்ன கேட்டார், இவர் என்ன சொன்னார், நான் எங்கே ஏற்றினேன், எங்கே இறக்கினேன், ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. கடைசியில் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டு, "முடிஞ்சுது, ஓட்டிக்கோங்க" என்பேன். விடை மட்டும்தான் வெளியே வரும். வழி துண்டோடு போச்சு. வழியை வெளியே காட்டினவன் அடுத்த வாரம் சந்தையில் டீ விற்க வேண்டியதுதான்.

இவள் சின்னப் பிள்ளையில் இருந்து என்னோடு சந்தைக்கு வருவாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்போதே சொல்லிக் கொடுத்தேன். "அம்மணி, கணக்கை மனசுக்குள்ள போடு. கையக் காட்டாத. மூஞ்சியில காட்டாத. விடைய மட்டும் சொல்லு." பிள்ளை அதை மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தும் தொழில் தர்மத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். டீச்சரம்மாவிடம் இதையெல்லாம் விவரமாக எடுத்துச் சொன்னேன். துண்டை எடுத்து, எப்படி விரலைப் பிடிப்போம் என்று காற்றில் காட்டக்கூடச் செய்தேன்.

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாங்க. ரொம்ப நேரம் துடைத்தாங்க.

"சரி அண்ணாச்சி. சந்தையில எதுக்க நிக்கிறவன் உங்கள ஏமாத்த வந்தவன், அதான் மறைக்கீங்க. பரீட்சையில எதுக்க இருக்கிற வாத்தியார் மார்க் கொடுக்க வந்தவரு. அவருகிட்ட எதுக்கு மறைக்கணும்?"

"கொடுக்க வந்தவன் ஏனுங்க நாப்பத்தொண்ணு கொடுத்தான்?" என்றேன். அந்தம்மா சிரிப்பு மாதிரி ஏதோ செய்தாங்க. பிறகு, பொதுப் பரீட்சையில் வழி இல்லாமல் விடை மட்டும் இருந்தால் பார்த்து எழுதினது என்றுகூட நினைப்பார்கள், தொண்ணூறை மறந்துவிடுங்கள் என்றாங்க.

பார்த்து எழுதினதா? என் மகளா? அப்போதுதான் சார் நான் பேரத்துக்கு இறங்கினேன். தொழிலில் ஒரு கட்டம் வரும், எதிராளி அசைய மாட்டான் என்று தெரிந்துவிடும். அப்போது சண்டை போடக் கூடாது. விலையைக் குறைக்கப் பார்க்க வேண்டும்.

"சரிங்க டீச்சர். வழி வேணும்ங்கறீங்க. எத்தனை படி?"

டீச்சரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாங்க. தோளில் இருக்கும் துண்டைப் பார்த்தாங்க. கொஞ்சம் யோசித்தாங்க.

"ஏழு" என்றாங்க.

"ஏழா? என்னென்ன?"

விரல் விட்டுச் சொன்னாங்க. என்ன கொடுத்திருக்கிறது என்று எழுதணும், அது ஒண்ணு. என்ன கேட்டிருக்கிறது, ரெண்டு. சூத்திரம் மூணு. சூத்திரத்தில் எண்களைப் போடுவது நாலு. சுருக்குவது அஞ்சு. விடை, அதோடு சென்டிமீட்டரோ லிட்டரோ அந்த அலகு, ஆறு. சரிபார்ப்பது ஏழு.

"கட்டுபடி ஆகாதுங்க. மூணு."

"மூணுக்கு எந்த வாத்தியாரும் மார்க் போட மாட்டாரு அண்ணாச்சி."

"நாலு. அதுக்கு மேல போனா புள்ள தாங்காது."

"ஆறு."

"கொடுத்ததும் கேட்டதும் எதுக்குங்க தனித்தனியா? ஜோடி மாடு. ஒரே கயித்துல கட்டுங்க."

டீச்சரம்மா ரொம்ப யோசித்தாங்க. நெற்றியைக்கூடத் தேய்த்துக்கொண்டாங்க. "சரி, உங்களுக்காக. ஒண்ணாச் சேத்துக்கிடலாம். ஆனா ரெண்டையும் எழுதணும்."

"எழுதட்டும். அந்த சரிபாக்கறது? விடை போட்டாச்சு, அப்புறமும் என்ன சந்தேகம்?"

"அத ஓரத்துல ரஃப் வொர்க்னு போட்டுப் பண்ணட்டும். படிக் கணக்குல சேக்க வேண்டாம்."

"அஞ்சு."

"அஞ்சு."

முடித்தேன். ஏழு கேட்டாங்க, அஞ்சுக்கு முடித்தேன். பத்தாவது வகுப்பு வாத்தியாரிடம், ஆறாவது படித்தவன். எழுந்திருக்கும்போது பார்க்கிறேன், அவங்க வகுப்புச் சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. 'கணக்கை அணுகும் ஐந்து படிகள்' என்று பெரிதாக எழுதி, கீழே அதே அஞ்சும் வரிசையாக இருக்கிறது. கொடுத்ததும் கேட்டதும் ஒரே வரியில், நான் சொன்ன மாதிரியே. அதற்குள் எப்படி எழுதி ஒட்டினாங்களோ தெரியவில்லை. மட்டமான பேனா போல, எழுத்தெல்லாம் அதற்குள் வெளுத்துப்போயிருந்தது. இதில் இன்னொரு விஷயம் பாருங்க சார், நான் தொண்டை வறளப் பேசி முடித்ததை அந்தம்மா வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டாங்க. விசாரித்தேன், எல்லாருக்கும் அஞ்சுதான். ஒருத்தன் வந்து நன்றி சொல்லவில்லை. போகட்டும், பிள்ளைகள்தானே.

ஏன் சார் இருமறீங்க? தண்ணி இருக்கு, குடிங்க.

பேரம் முடித்தாயிற்று. வீட்டில் வந்து சொன்னால் இவள் கேட்கணுமே.

"அஞ்சு படி எழுதணும் அம்மணி. டீச்சர்கிட்டப் பேசிட்டேன்."

"முடியாதுங்கப்பா."

"ஏன்?"

"கையக் காட்டாதன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது சந்தைக்குச் சொன்னது."

"சந்தைக்கு மட்டும்னு நீங்க சொல்லலைங்களே."

என் வீட்டுக்காரி விசாலாட்சி அடுப்படியில் இருந்து, "வெதச்சது நீங்க, அறுங்க" என்றாள். அவள் எப்போதும் இப்படித்தான், தேவையில்லாத இடத்தில் நுழைவாள். நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். கொட்டாயில் எருமை கட்டுத்தறியைப் பிடுங்கிக்கொண்டது. இவள் அசையவில்லை. கெஞ்சினேன். அதட்டினேன். ஒரு நல்ல பேனா வாங்கித் தருகிறேன் என்றேன். கடைசியில் அவளே வாயைத் திறந்தாள்.

"ஒரு வெலை சொல்றேனுங்கப்பா. குறைக்க மாட்டேன்."

"சொல்லு."

"வர்ற வியாழக்கிழமை ஒரே ஒரு பேரம். துண்டு போடாம, வாயில, எல்லாருக்கும் கேக்கறாப்பல, ஒவ்வொரு படியாச் சொல்லி முடிக்கோணும். நீங்க வழியக் காட்டுங்க. அப்புறம் நான் காட்டறேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பாதி பேரம் என்றேன். துண்டை லேசாகப் போட்டுக்கொள்கிறேன் என்றேன். மாடு இல்லாமல் ஆட்டுக்குப் பேசுகிறேன் என்றேன். எங்கே கற்றுக்கொண்டாளோ, ஒரு விரல் இறங்கவில்லை. என்னிடம் இவ்வளவு நாள் வந்த ஆட்களில் இந்த மாதிரி ஒரு எதிராளி எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த வியாழக்கிழமையை நினைத்தால் இப்பவும் வேர்க்கிறது சார். கருப்பணன் என்று ஒருத்தர், என்னிடம் வாடிக்கை. ரொம்ப நாளாக அவர் மாடு எருமை எல்லாம் நான்தான் கைமாற்றிக் கொடுப்பேன். ஒரு எருமை கொண்டுவந்திருந்தார். வாங்குவதற்கு பவானிப் பக்கத்து ஆள் ஒருத்தர். ரெண்டு பேரும் கையை நீட்டிவிட்டார்கள், நான் துண்டை எடுக்கணும். மகள் அங்கே புளிய மரத்தடியில் நின்று பார்க்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு.

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டேன். "இன்னைக்கு வாயிலதான் பேசறோம்" என்றேன். கருப்பணன், "ஏனப்பா, கையில அடிபட்டிருச்சா?" என்றார்.

"கொடுக்கப்பட்டது" என்று ஆரம்பித்தேன். சத்தமாக. குரல்தான் உங்களுக்குத் தெரியுமே. "எருமை ஒண்ணு. ரெண்டாம் ஈத்து. கேட்டது, வெலை." சுற்றி இருந்த நாலு தரகர்கள் திரும்பினார்கள். "சூத்திரம். பாலைப் பாரு, பல்லைப் பாரு, காம்பைப் பாரு." கூட்டம் கூடிவிட்டது. பஞ்சு மிட்டாய்க்காரன் மணி அடிப்பதை நிறுத்திவிட்டு வந்து நின்றான். "இனி எண்ணைப் போடறேன். வேளைக்கு ஆறு லிட்டருன்னு கருப்பணண்ணன் சொல்றாரு. கறந்தா நாலு வரும். ஏன்னா காம்பு நாலு இருக்குது, அதுல ஒண்ணு அடைப்பு."

அவ்வளவுதான் சார். நாலாவது படிக்குப் போகவே இல்லை. பவானிக்காரர் குனிந்து ஒரு தடவை பார்த்தார், செருப்பை மாட்டினார், போய்விட்டார். கருப்பணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏப்பா ராக்கியப்பா, நீ எனக்குத் தரகு பாக்கறயா, எருமைக்கு வைத்தியம் பாக்கறயா?"

"வழியச் சொன்னேனுங்கண்ணா."

"வழியா? நல்லா இருக்குதப்பா வழி. நான் என்ற வழியப் பாத்துக்கறேன்."

எருமையை ஓட்டிக்கொண்டு போனவர்தான். இன்றுவரை என்னிடம் வரவில்லை. அந்தச் சந்தையே சிரித்தது. 'சூத்திரம்' என்று எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம். வெட்கம்தான் வந்தது. புளிய மரத்தடிக்குப் போனேன்.

"பாத்தியா அம்மணி? வழியக் காட்டுனா என்ன ஆகும்னு பாத்தியா? இதுக்குத்தான் நான் சொன்னேன். இப்பத் தெரிஞ்சுதா யாரு சொன்னது சரின்னு?"

அவள் என் இடுப்பில் இருந்த துண்டை அவிழ்த்து, முகத்தைத் துடைத்துவிட்டாள். வேர்த்துக்கொட்டிக்கொண்டிருந்தது எனக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, பேனாவிலேயே, அஞ்சு படியும் எழுதிக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். வழி காட்டினால் நட்டம் என்று நான் அவ்வளவு தெளிவாக நிரூபித்துக் காட்டின பிறகு, இந்தப் பிள்ளை ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விசாலாட்சியைக் கேட்டேன். "உங்களுக்கு அது வெளங்காது, சோத்தைத் தின்னுங்க" என்றாள்.

பிறகென்ன, நானே இறங்கிவிட்டேன். பேசி முடித்த சரக்கு, ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டாமா? தினமும் எதிரில் உட்கார்ந்துகொள்வேன். எனக்குக் கணக்குப் புரியாது, ஆனால் படி தெரியும். ஒண்ணு இருக்கா, ரெண்டு இருக்கா, மூணு எங்கே? "அம்மணி, மூணாவது படியக் காணமே?" "அதுக்குள்ளதாங்கப்பா இருக்குது." "உள்ள எல்லாம் இருக்கக் கூடாது. வெளிய இழுத்துக் கட்டு." வீட்டில் ரப்பர் என்ற பொருளே இல்லாமல் செய்தேன். பென்சில் பின்னால் சிவப்பாக ஒண்ணு ஒட்டிக்கொண்டிருக்குமே, அதையும் அரிவாளால் சீவி எறிந்தேன். குழம்பில் உப்பு இல்லை என்றால், எந்தப் படியில் விட்டாய் என்று விசாலாட்சியைக் கேட்டேன். அன்றைக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை.

பரீட்சை வந்தது. எழுதிவிட்டு வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை, வாசலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். இந்தப் பிள்ளை அழுது நான் பார்த்ததில்லை சார். மாடு காலை மிதித்தபோதுகூட அழவில்லை.

கடைசி அஞ்சு மார்க்குக் கணக்கு. ஏதோ ஒரு கூம்பு. எல்லாம் எழுதியிருக்கிறாள். கொடுத்தது, கேட்டது, சூத்திரம், எண்ணைப் போட்டது, எல்லாம் ஒழுங்கு. சுருக்குகிற இடத்தில் ஏழெட்டு அம்பத்துநாலு என்று எழுதிவிட்டாள். ஏழெட்டு அம்பத்தாறு, எங்கள் வீட்டு எருமைக்குத் தெரியும். மணி அடித்துவிட்டதாம், ஓரத்தில் சரிபார்க்க நேரம் இல்லையாம். விடை தப்பு.

அவளையும் கூட்டிக்கொண்டு நான் நேராக டீச்சர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று சொன்னேன். "என்ற புள்ள மனசுல போட்டிருந்தா இது தப்பாயிருக்குமா? எழுது எழுதுன்னு எழுத வச்சு, இப்பப் பாருங்க." கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருப்பேன்போல. பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள். டீச்சரம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாங்க. கேள்வித்தாளை வாங்கினாங்க, மகள் சொன்னதை எல்லாம் கேட்டாங்க, கூட்டிப் பார்த்தாங்க.

"அந்தக் கணக்குல விடைக்கு ஒரு மார்க்தான் அண்ணாச்சி போகும். வழிக்கு நாலு மார்க் உண்டு. அது விழுந்தா தொண்ணூத்தியொண்ணு."

"விழலைன்னா?"

"எண்பத்தேழு."

"தப்பான விடைக்கு எவனாச்சும் மார்க்குக் கொடுப்பானா? செத்த மாட்டுக்கு எவன் வெலை கொடுப்பான்?"

"வழி செத்துப்போகலையே. கொடுக்கணும்னுதான் விதி. ஆனா ஒண்ணு. அன்னைக்கு நூறு பேப்பர் பாத்துக் கண்ணு எரிஞ்சு போயிருக்கிற ஆளு, நேரா கடைசி வரியப் பாத்து, ஒரு சுழி சுழிச்சிட்டுப் போயிருவாரு. மேலருந்து படிச்சிட்டு வர்ற ஆள் கையில விழணும். அது நம்ம கையில இல்ல."

இதுதான் சார் விஷயம். பரீட்சை முடிந்ததில் இருந்து இவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. அந்தக் கூம்பைத் தரையில், சுவரில், கட்டிலில் என்று விரலாலேயே போட்டுப் போட்டுப் பார்க்கிறாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான். நேற்று, "எண்பத்தேழுன்னா நான் பக்கத்துலயே ஏதாச்சும் குரூப்புல சேந்துக்கறேனுங்கப்பா, நீங்க எங்கயும் போயி சத்தம் போட வேண்டாம்" என்றாள். நான் எங்கே சார் சத்தம் போட்டேன்?

என்ன சொல்றீங்க? எல்லாப் பேப்பரையும் கலந்துவிடுவார்களா? வேறே மாவட்டத்துக்கா? நம்பர்கூடத் தெரியாதா? எந்தக் கட்டில் யார் பிள்ளை பேப்பர் என்று உங்களுக்கே தெரியாதா?

அட.

நல்லதுங்க. அப்படித்தான் இருக்கணும். துண்டு போட்ட மாதிரி.

அப்போ ஒண்ணு செய்யுங்க. மௌனிகா பேப்பர் என்று நான் கேட்கவில்லை. யார் பெற்ற பிள்ளையாகவும் இருக்கட்டும். உங்கள் கைக்கு ஒரு பேப்பர் வரும், கடைசிக் கணக்கில் விடை தப்பாக இருக்கும். அந்த வரியைப் பார்த்ததும் பேனாவைத் தூக்கிவிடாதீங்க. கொஞ்சம் மேலே போங்க. கொடுத்ததில் இருந்து வாங்க. அது எங்கே ஏறியிருக்கிறது, எங்கே திரும்பியிருக்கிறது, எந்த இடத்தில் கால் இடறியிருக்கிறது என்று பாருங்க. அவ்வளவு தூரம் நடந்து வந்த பிள்ளை சார். விடை கிடக்குது, விடை யாருக்கு வேணும்? விடை சந்தையில் எவன் வேண்டுமானாலும் சொல்லுவான்.

மற்ற வாத்தியார்களிடமும் சொல்லுங்க. டீ குடிக்கப் போவீங்க இல்லையா, அப்போது சொல்லுங்க.

முழுசாகக் கேட்கவில்லை. அஞ்சுக்கு நாலு, நியாயம். என்னது, சுருக்குவதில் தப்பு என்றால் அங்கேயும் ஒண்ணு குறையுமா? மூணா? மூணு என்றால் தொண்ணூறு. சரியாகத் தொண்ணூறில் வந்து நிற்கும். வேண்டாம் சார், அது ரொம்ப ஓரம், பயமாக இருக்கிறது. டீச்சரம்மா நாலு என்று சொல்லியிருக்கிறாங்க. மூணரை? அரை மார்க்கெல்லாம் உண்டுங்களா?

இறங்கணுமா? சரி வாங்க, நானும் இறங்குகிறேன். என் ஊர் தாண்டி அரை மணி நேரம் ஆச்சு, அது கிடக்கட்டும். பையை இப்படிக் கொடுங்க, நான் தூக்கி வருகிறேன்.

யோவ் கண்டக்டர், விசிலை ஊதாத, இரு. இங்க இன்னும் பேசி முடியலை.